வடக்கே ஒருமுறை, கிழக்கே மூன்றுமுறை

இந்த நாட்டில் வட்டாரங்கள் இல்லை, ரயில் நிலையங்கள்தாம் இருக்கின்றன என்று சொல்லிச் சிரிப்பவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. பெரிய நாடுகளில் ஒரு மாநிலத்தில் ஆலை மூடப்படும், இன்னொரு மாநிலத்தில் ஆலை திறக்கப்படும். காலைப் பசியாறிவிட்டுப் புறப்பட்டால் மதிய உணவுக்குள் சுற்றி வந்துவிடக்கூடிய தீவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மேடையில் இதைச் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும்.

நான் தீவின் வடகோடியில் உள்ள உட்லண்ட்சில் பிறந்து உட்லண்ட்சிலேயே வளர்ந்தவள். உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டு தொடங்கி விவாத மேடையில் நிற்பவள். என் வழக்கை நிறுவ என்னிடம் அட்டவணைகள் இல்லை. என் அம்மா இருக்கிறார்.

பொட்டலமிட்ட உணவு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் அம்மா வேலை பார்த்தார். அந்நிறுவனத்துக்கு இரண்டு தொழிற்கூடங்கள். ஒன்று எங்கள் வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் போய்விடக்கூடிய வடக்குத் தொழிற்பேட்டையில். பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் அங்கிருந்து உணவு போகும். மற்றொன்று கிழக்கே, விமான நிலையத்தை ஒட்டிய சாங்கியில், அங்கே சமைப்பது விமானங்களுக்கு. அம்மா வடக்கே லைன் லீடர். உணவுத் தட்டுகள் நகரும் பட்டையின் இருபுறமும் நின்று நிரப்பி, மூடி, முத்திரையிடும் பெண்கள் அத்தனை பேருக்கும் அவர் பொறுப்பு. வீட்டில் சம்பாதிப்பவரும் அவர் ஒருவரே. நான் இன்னும் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு புதன்கிழமை அவர் வெகு சீக்கிரமாகவே வீடு திரும்பினார். வலைத்தொப்பி அழுத்திய கோடு நெற்றியில் அப்படியே இருந்தது. காலணியைக் கழற்றாமல் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, இவ்ளோ சீக்கிரம்?"

"லைன் மூடறாங்க. ரெண்டு லைன். எங்களுது ஒண்ணு."

"எப்ப?"

"மாசக் கடைசியில. வெள்ளிக்கிழமை லெட்டர் குடுப்பாங்களாம். பிசினஸ் டவுனாம்."

நான் கைப்பேசியை எடுத்து நிறுவனத்தின் பெயரைத் தேடினேன். முதலில் வந்து விழுந்ததே அவர்களின் விளம்பரம்தான். சாங்கித் தொழிற்கூடத்துக்கு லைன் லீடர்கள் உடனடியாகத் தேவை. முன் அனுபவம் அவசியமில்லை. தெம்பனிஸ், பாசிர் ரிஸ், பிடோக் ஆகிய கிழக்கு வட்டாரங்களிலிருந்து இலவசப் பேருந்து உண்டு. திரையை அம்மாவின் பக்கம் திருப்பினேன்.

"தெரியும். என்னையும் கேட்டாங்க" என்றார் அம்மா.

"என்னன்னு?"

"சாங்கிக்குப் போறீங்களான்னு. போன வாரம் அந்த எச்ஆர் சார் ரூமுக்குக் கூப்பிட்டுக் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அம்மா குனிந்து ஒரு காலணியைக் கழற்றினார். "பரவாயில்ல சார், முதல்ல மத்தவங்களப் பாருங்கன்னேன்."

"ஏம்மா!"

"பின்ன? கேட்டவரு வாய மூடறதுக்குள்ள 'எனக்கே குடுங்க'ன்னு நிக்கச் சொல்றியா? லைன்ல என்னைவிடக் கஷ்டப்படறவங்க இருக்காங்க. அவரு எப்படியும் இன்னொருவாட்டி கேப்பாரு, அப்ப சரின்னு சொல்லலாம்னு இருந்தேன்."

"கேட்டாரா?"

"கேக்கல."

அம்மாவைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவர் செய்தது எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்வது. போன வீட்டில் தேநீர் வேண்டுமா என்றால் 'இப்போதுதான் குடித்தேன்' என்போம். அது மறுப்பு அல்ல என்பது கேட்டவருக்கும் தெரியும். அவர் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுவார். இரண்டாம் முறை கேட்கும்போது சொல்வதே எங்கள் விடை. முதல்முறையே கை நீட்டுபவரைப் பார்த்து நாங்கள் முகம் சுளிப்போம். இந்தப் பண்பாட்டில் வளர்ந்த ஒரு பெண்ணிடம் ஒரே ஒருமுறை கேட்டுவிட்டுப் பதிவேட்டை மூடிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. விளக்கம் வேண்டுவோர் திங்கட்கிழமை அதிகாரியைச் சந்திக்கலாம், குடும்பத்தில் ஒருவரை உடன் அழைத்து வரலாம் என்று அதில் இருந்தது. தொழிற்சங்கம் இல்லாத இடம் அது. ஆகவே அந்த 'ஒருவர்' நான் என்று முடிவு செய்தேன். அம்மாவின் ஒப்புதலைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதலில் வேண்டாம் என்றிருப்பார்.

எங்கள் விவாதக் குழு சனிக்கிழமைகளில் தேக்காவில் கூடும். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கைப்பேசிக் கடைக்கு மேலே உள்ள அறை. எங்களுக்குள் ஒரு விதி உண்டு. எந்த வழக்கையும் வெளியே கொண்டுபோகுமுன் அந்த அறைக்குள் அடிவாங்க வைக்க வேண்டும். ஒருவர் வாதத்தை வைப்பார். மற்றவர் ஈவிரக்கமின்றி எதிரணியில் நிற்பார். நட்பு, பரிவு எல்லாம் மாடிப்படிக்குக் கீழே. அன்று என் எதிரே நின்றவன் தெம்பனிஸ்காரன். பள்ளி நாளிலிருந்தே எனக்கு எதிரணியில் நின்று பழகியவன்.

"ஏய், ஊரே உள்ளங்கை அளவு லா" என்று தொடங்கினான். "இதுல வடக்கு என்ன, கிழக்கு என்ன? அடுத்த வாரம் அடுக்குமாடியில புளோக்குக்கு புளோக் பிரிப்பியா?"

"போன லீவுல நீயும் நானும் பகுதிநேர வேலை தேடினோமே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ஏர்போர்ட்ல எனக்குக் கிடைச்சுது. உனக்குக் கிடைக்கல. நான் அழகு."

அறை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "ஒரே கடை. ஒரே நாள் அப்ளை பண்ணினோம். உன்னை அன்னைக்குச் சாயங்காலமே கூப்பிட்டாங்க. என்கிட்ட எங்க தங்கியிருக்கேன்னு கேட்டாங்க, உட்லண்ட்ஸ்னேன். 'ஓ, ஃபார்' அப்படின்னு போனை வச்சிட்டாங்க."

"அது தூரம். வட்டாரம் இல்ல."

"என் வீடு அவங்களுக்குத் தூரம்னா, அவங்க வேலை எனக்குத் தூரம். அதுக்குப் பேர்தான் வட்டாரம்."

அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதிகாரியைப்போல் உட்கார்ந்துகொண்டான். "ஓகே. நாந்தான் மேனேஜர். உங்க அம்மாவைக் கேட்டோம். வேண்டாம்னாங்க. நெக்ஸ்ட்."

"அது மரியாதைக்குச் சொன்னது."

"கம்பெனிக்கு மரியாதை எல்லாம் தெரியாது மா. யெஸ், நோ, ரெண்டுதான். நெக்ஸ்ட்!"

எதைச் சொன்னாலும் 'நெக்ஸ்ட்' என்றான். நான் வெந்துகொண்டிருந்தபோது வேடத்தைக் கலைத்துவிட்டு, "சும்மா பாவமா பேசு. அம்மாவை ஓரமா உக்காந்து அழச்சொல்லு. வேலை தன்னால கிடைச்சிரும்" என்றான்.

"எங்க அம்மா அழ மாட்டாங்க. நானும் கெஞ்ச மாட்டேன்."

"அப்ப தோத்துட்டு வா, தே தாரேக் டீ வாங்கித் தரேன்." பிறகு போகிறபோக்கில் ஒன்றைச் சொன்னான். "எங்க புளோக் ஆன்ட்டி ஒருத்தங்க அந்த சாங்கி கம்பெனியிலதான் இருக்காங்க. கூப்பிட்டப்ப முடியாதுன்னுட்டாங்க. திரும்ப போன் வந்துச்சு, ஆன்ட்டி நைட் ஷிஃப்ட் வேணாம்னாங்க, கம்பெனியில சரின்னுட்டாங்க. மூணாவது வாட்டி, புளோக்குக்குக் கீழயே பஸ் அனுப்பறோம்னாங்க. அப்புறம்தான் போனாங்க. அந்த மாதிரி டிமாண்ட் பண்ணணும்."

சொல்லி முடித்த பிறகே அவனுக்குத் தான் சொன்னது உறைத்தது. எதிரணியின் வாயிலிருந்து விழும் சான்றுக்கு நிகரான சான்று கிடையாது. மேடை எனக்குக் கற்றுத் தந்தவற்றுள் முதன்மையானது அதுதான். நான் அப்படியே அதைப் பொறுக்கிக்கொண்டேன்.

கிழக்கே ஆள் பற்றாக்குறை. அங்கே 'முடியாது' என்பது பேரத்தின் தொடக்கம். வடக்கே, கடற்பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு வேலை காலியானால் அதற்கு விடியுமுன்பே எல்லைக்கு அப்பாலுள்ள ஜோகூரிலிருந்து புறப்பட்டு வரத் தயாராக ஆட்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்களும் பிழைக்கத்தான் வருகிறார்கள். ஆனால் அதனாலேயே வடக்கே ஒரு 'பரவாயில்லை' போதுமானதாகிவிடுகிறது. ஒரே நிறுவனம், ஒரே சீருடை. ஒரு பெண்ணின் மறுப்பைக் கரைக்க மூன்றுமுறை அழைக்கிறார்கள். இன்னொரு பெண்ணின் மறுப்பை முதல்முறையே முத்திரையிட்டு விடுகிறார்கள். இருவருக்கும் இடையே இருக்கும் வேறுபாடு முகவரி மட்டுமே.

திங்கட்கிழமை தொழிற்கூடத்தின் அலுவலக வாசலில் நீண்ட இருக்கையில் அம்மாவின் லைன் பெண்கள் சிலர் காத்திருந்தார்கள். அவர்களில் நான் அறிந்த அக்கா ஒருவரும் இருந்தார். நாள்தோறும் ஜோகூரிலிருந்து கடற்பாலம் தாண்டி வந்து போகிறவர். தீபாவளிக்கு எங்களுக்கு முறுக்கு கொண்டுவருபவர்.

"உங்களையும் கேட்டாங்களா அக்கா?"

"என்னையா? என்னை எதுக்கும்மா கேக்கப்போறாங்க? ஜோகூர்லேர்ந்து சாங்கின்னா நான் குடித்தனமே பஸ்லதான் நடத்தணும்." சிரித்துவிட்டு, "ஆனா கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்ல. கேக்கவே இல்லையே" என்றார்.

உள்ளே, அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்ட அதே எச்ஆர் அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். தமிழகத்திலிருந்து வந்து சில ஆண்டுகள் ஆனவர். பேச்சில் கடுமை இல்லை. "வாங்க ஆன்ட்டி, உக்காருங்க. உங்க டாட்டரா? குட். காபி சொல்லட்டுமா ஆன்ட்டி?"

"வேண்டாம் சார், இப்பத்தான் குடிச்சேன்" என்றார் அம்மா. காலையிலிருந்து அவர் எதுவும் குடிக்கவில்லை.

"அட, என்ன ஆன்ட்டி நீங்க" என்று அவரே எழுந்துபோய் மூன்று கோப்பைகளைக் கொண்டுவந்து, ஒன்றை அம்மாவின் கைக்கு அருகில் நகர்த்தி வைத்தார். எந்தப் பயிற்சி அறையிலும் இப்படி ஒரு வாய்ப்பு அமைந்ததில்லை.

"சார், அம்மா வேண்டாம்னுதானே சொன்னாங்க?"

அவர் புரியாமல் பார்த்தார். "அது... சும்மா சொல்றதுதானே மா."

"ரெண்டு வாரத்துக்கு முன்னால சாங்கிக்குப் போறீங்களான்னு கேட்டீங்க. மத்தவங்களப் பாருங்கன்னு சொன்னாங்க. அது மட்டும் எப்படி சார் நிஜமாச் சொன்னதா ஆச்சு?"

அவர் சிரித்தார்; பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. "ஆபீஸ் வேற, வீடு வேற மா. நான் கேட்டேன், அவங்க வில்லிங் இல்ல. நான் அப்படித்தான் ரிப்போர்ட் பண்ண முடியும்."

"சாங்கியில ஒரு ஆன்ட்டி முடியாதுன்னாங்க. மூணு தடவை கூப்பிட்டிருக்கீங்க. ஷிஃப்ட் மாத்திக் குடுத்திருக்கீங்க. வீட்டுக்குக் கீழ பஸ் அனுப்பியிருக்கீங்க. அவங்க சொன்ன நோ, எங்க அம்மா சொன்ன நோ, ரெண்டும் ஒரே கம்பெனிக்குத்தானே சொன்னது?"

"அது ஈஸ்ட். அந்த டீம் வேற. எனக்கு நார்த்துல எத்தனை பேரைக் குறைக்கணும்னு மேல சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு ஈஸ்ட்ல எத்தனை பேரை எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. நாங்க பேசிக்கறதுகூட இல்ல மா."

மறைக்காமல் சொன்னார், அந்த நேர்மைக்கு அவரை மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்னதன் பொருளை நான் விடவில்லை. "இன்னொண்ணு சார். காலை ஷிஃப்ட் அங்க முதல் ரயிலுக்கு முன்னாலயே தொடங்குது. நார்த்துலேர்ந்து பஸ் கிடையாது. பஸ் இல்லாம போறீங்களான்னு கேட்டா, எல்லாரும் என்ன சொல்வாங்கன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டிருக்கீங்க. அது கேள்வி இல்ல சார், கையெழுத்து வாங்கற வேலை."

"நீ லாயருக்குப் படிக்கிறியா?"

"இல்ல சார். பேசக் கத்துக்கிட்டேன்."

அதுவரை கோப்பையைத் தொடாமல் இருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார், இப்பக் கேளுங்க."

"என்ன ஆன்ட்டி?"

"அன்னைக்குக் கேட்டதத் திரும்பக் கேளுங்க."

"சாங்கிக்குப் போறீங்களா ஆன்ட்டி?"

"போறேன்."

அவர் எங்கள் எதிரிலேயே சாங்கிக்குத் தொலைபேசியில் பேசினார். ஆங்கிலத்தில் நடந்தது, எனக்கும் புரிந்தது, அம்மாவுக்கும் புரிந்தது. பொட்டலமிடும் வேலை உண்டாம். லைன் லீடர் இடங்கள் புதிதாக எடுக்கப்படுபவர்களுக்காம். அவர் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். நான் பேச வாயெடுத்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"புதுசா வர்றவங்களுக்கு லைன் எப்படி ஓட்டறதுன்னு யாரு சார் சொல்லிக்குடுப்பா? நான்தானே நிக்கணும்? அப்ப லைன் லீடராவே வரேன். பேர இங்க கழட்டி வச்சிட்டு அங்க வர மாட்டேன்."

அதிகாரி தொலைபேசியை மீண்டும் காதில் வைத்தார். இம்முறை அவருடைய குரல் மாறியிருந்தது. 'மிகவும் அனுபவமுள்ளவர்' என்றார். 'நான் பொறுப்பேற்கிறேன்' என்றும் சொன்னார். அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மறுமுனையில் நெடுநேரம் பேச்சு நடந்தது. இறுதியில், "லைன் லீடராவே எடுத்துக்கறாங்க. முதல்ல டிரயல். பஸ்தான் பிரச்சினை. நார்த்துலேர்ந்து ஒரு ஆளுக்காக விட முடியாதாம். ஒரு வேன் நிறைய ஆள் இருந்தா பார்க்கலாம்ங்கறாங்க" என்றார்.

"வெளிய ஒரு வேன் நிறைய ஆள் உக்காந்திருக்காங்க சார்" என்றேன்.

"அவங்கள்ல நான் கேட்டவங்க எல்லாரும் வேண்டாம்னுதான் சொன்னாங்க மா."

"அப்ப அவங்களையும் திரும்பக் கேளுங்க" என்று அம்மா எழுந்தேவிட்டார்.

அவரும் எழுந்தார். வாசலுக்கு வந்து இருக்கையில் இருந்தவர்களிடம், சாங்கிக்கு வேன் விட்டால் வருவீர்களா என்று கேட்டார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருடைய பார்வை ஜோகூர் அக்காவிடம் வந்து நின்றது. "நீங்க? வேன் இங்க வாசல்லேர்ந்துதான் கிளம்பும்."

அக்கா கூச்சத்தோடு நெளிந்தார். "பரவாயில்ல சார், மத்தவங்களுக்கு..."

"அடியே!" என்று அம்மா போட்ட சத்தத்தில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. "வாயத் தொறந்து சரின்னு சொல்லு! இந்த ஊர்ல ரெண்டாவது தடவை கேக்க மாட்டாங்க."

"சரி சார், சரி சார்" என்றார் அக்கா. பிறகு இருக்கை முழுவதும் சரி என்றது.

அன்று அங்கே வந்திருந்தவர்களுக்கு வேலை கிடைத்தது. மூடப்பட்ட மற்றொரு லைனின் பெண்கள் அந்தத் திங்கட்கிழமை வரவில்லை. விளக்கம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் இருந்துவிட்டார்கள். அவர்களிடம் ஒருமுறை கேட்டது கேட்டதுதான். அம்மா அவர்களுக்காகவும் சென்று நின்றார். வேன் நிறைந்துவிட்டது என்றார்கள். நானும் மின்னஞ்சல் அனுப்பினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. சாங்கி விளம்பரம் அதன்பிறகும் பல வாரங்கள் இணையத்தில் இருந்தது.

தெம்பனிஸ்காரன், "ஜெயிச்சுட்டே, விடு லா" என்றான். நான் வெற்றி என்று இதைக் கணக்கில் எழுதவில்லை. தமக்கு உரியதைக் கேட்டு வாங்க ஒரு வேன் அளவு பெண்கள் வாசலில் உட்கார வேண்டியிருந்தது. கிழக்கே அதற்கு வீட்டில் தொலைபேசி எடுத்தால் போதும். இதைப் போய் அதிர்ஷ்டம் என்று சொல்லவும், பெருந்தன்மை என்று பாராட்டவும் எனக்குப் பயிற்சி இல்லை.

புதிய வேனின் முதல் நாள் காலை நானும் அம்மாவோடு போயிருந்தேன். இருட்டு இன்னும் விலகவில்லை. நிறுவனத்திலிருந்து ஒரு பெண் புகைப்படக் கருவியோடு வந்திருந்தாள். 'வடக்கிலிருந்து கிழக்குக்கு, ஒரே குடும்பமாக' என்று எழுதிய பதாகையை வேனின் முன்னால் பிடித்துக்கொண்டு எல்லோரும் நிற்க வேண்டுமாம்; நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போடப் போகிறார்களாம். அக்காவும் மற்றவர்களும் நின்றார்கள். லைன் லீடர் என்பதால் அம்மாவை நடுவில் நிறுத்தினார்கள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் ஸ்மைல் பண்ணுங்க" என்றாள் அந்தப் பெண்.

"படம் எடுத்துக்க மா. வேலைக்குப் போறேன், நிக்கறேன். சிரிக்கணும்னா அந்த இன்னொரு லைனையும் கூட்டிட்டு வா, சிரிக்கறேன்."

"ப்ளீஸ் ஆன்ட்டி, ஒரே ஒரு ஸ்மைல்..."

"எடுக்கறதுன்னா எடு. வேன் லேட் ஆகுது."

எடுத்தாள். அந்தப் படம் இன்றும் அவர்களுடைய பக்கத்தில் இருக்கிறது. எல்லோரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்க, நடுவில் நிற்கும் ஒரு பெண் மட்டும் கருவியை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.